மெரின் தைத்த குளியல் கையுறை

மெரினுக்குக் கல்யாணமாகி நாலரை வருடம் ஆனபோது, புருஷனோடு சேர்ந்து இருந்த நாட்களைக் கூட்டிப் பார்த்தால் நாற்பத்தெட்டுதான் வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு இருபத்தெட்டு நாள். நடுவில் ஒரு கிறிஸ்துமஸுக்கு அவன் வந்து போன இருபது நாள். மீதி நாட்களையெல்லாம் அவள் முத்தியால்பேட்டையில் ஒரு சந்து வீட்டில், மாமியாரோடு கழித்தாள்.

மெரினின் சொந்த ஊர் காலாப்பட்டு. அப்பா பல்கலைக்கழக மெஸ்ஸில் சமையல் வேலை பார்த்தவர், அவள் பி.காம். முடித்த வருடமே இறந்துபோனார். அம்மாவும் ஒரு தங்கையும் இருந்தார்கள். மெரின் தினமும் பஸ் ஏறி டவுனுக்கு வந்து, நேரு வீதிப் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் வடிவமைக்கும் வேலை பார்த்தாள். கைவேலை சுத்தம். கன்னியர் பள்ளியில் கிராஃப்ட் வகுப்பில் குரோஷா பின்னலில் முதலாவதாக வந்தவள். அவள் கத்தரித்த துணியில் பிசிறு இருக்காது.

ஜோசப் ஆனந்தின் சம்பந்தம் வந்தபோது அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. பையனின் காலஞ்சென்ற அப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். குடும்பத்தில் எல்லாருக்கும் பிரெஞ்சு பாஸ்போர்ட். பையன் பாரிஸுக்குப் பக்கத்தில் ஒரு ரெஸ்டாரண்டில் சமையல் வேலை செய்கிறான். "ஆறு மாசத்துல பப்பியே வந்துடும், அழைச்சினு போயிடுவான்" என்றார்கள். விசாவுக்கான காகிதங்களுக்கு அந்த வீட்டில் பிரெஞ்சுப் பேர்தான்: பப்பியே. 2019 ஜனவரியில் கல்யாணம் நடந்தது. பிப்ரவரியில் ஆனந்த் விமானம் ஏறினான்.

ஏப்ரலில் மாமியார் ஆரோக்கியம் குளியலறையில் வழுக்கி விழுந்தாள்.

அந்த வீடு நீளமான வீடு. முன்னால் ஒரு அறை, நடுவில் ஒரு அறை, அதற்குப் பின்னால் சமையலறை. அதையும் தாண்டிச் சின்ன முற்றம். முற்றத்தின் கடைசியில் குளியலறை. மெரின் வேலைக்குப் போயிருந்தாள். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து தூக்கினார்கள். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. அறுவை சிகிச்சை செய்து பிளேட் வைத்தார்கள். அறுபத்து நான்கு வயது, சர்க்கரை வேறு. மூன்று மாதத்துக்கு யாராவது பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்றார் டாக்டர்.

மெரின் ஸ்டுடியோவில் மூன்று மாதம் லீவு கேட்டாள். அவர்கள் வேறு ஆளை வைத்துக்கொண்டார்கள்.

ஆனந்த் தினமும் மதியம் மூணு மணிக்கு வீடியோவில் கூப்பிடுவான். அப்போது அவனுக்கு மதிய வேலை தொடங்கும் முன் கொஞ்சம் ஓய்வு. ஒருநாள் மெரின் பப்பியே பற்றிக் கேட்டாள்.

"அம்மா எழுந்து நடக்கட்டும் மெரின். அவங்க வேலைய அவங்களே பாத்துக்கற நெலமைக்கு வரட்டும். அன்னைக்கே பப்பியே போட்டுடறேன்."

"எத்தன நாள் ஆவுங்க?"

"அது உன் கையிலதான் இருக்குது" என்றான் அவன், சிரித்துக்கொண்டே.

அந்த வார்த்தையை அவள் அப்படியே எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து மாமியாரின் கால்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மாமியாரைக் குளிப்பாட்டுவதுதான் எல்லா வேலையிலும் கஷ்டமான வேலை. பதினோரு மணிக்கு வாக்கரைப் பிடித்துக்கொண்டு, மெரினின் தோளில் பாதி பாரத்தைப் போட்டுக்கொண்டு, ஆரோக்கியம் முற்றத்தைக் கடப்பாள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்வாள். அவளுக்குத் தோல் வெங்காயச் சருகு மாதிரி. கடையில் வாங்கிய நைலான் நார் முதல் தேய்ப்பிலேயே முழங்கையைக் கீறி ரத்தம் வரவைத்துவிட்டது. வெறும் கையால் தேய்த்தால் அழுக்குப் போகவில்லை. சோப்பு வழுக்கி விழுந்து நாற்காலிக்கு அடியில் போகும். மெரின் ஈரத்தரையில் மண்டியிட்டுத் தேட வேண்டும். அந்த நேரத்தில் மாமியாரைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை.

"விட்டுட்டியா? என்ன விட்டுட்டியா?" என்று ஆரோக்கியம் கத்துவாள்.

ஒருநாள் மதியம் மெரின் பழைய டர்க்கி டவல் ஒன்றை எடுத்தாள். இரண்டாக மடித்து, அதன்மேல் தன் இடது கையை வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்தாள். ஒரு விரல் அகலம் தள்ளி வெட்டி, மூன்று பக்கமும் தைத்து, மணிக்கட்டில் எலாஸ்டிக் வைத்தாள். வீட்டில் காலால் மிதிக்கும் பழைய தையல் மிஷின் ஒன்று இருந்தது. அரை மணி நேரத்தில் கையுறை தயார்.

மறுநாள் அதை மாட்டிக்கொண்டு தேய்த்தபோது ஆரோக்கியம் அலறிவிட்டாள். "ரத்தம்டி! ரத்தம் வருது!"

தொடையில் சிவப்பாகத் தண்ணீர் ஓடியது. மெரினுக்கும் ஒரு நொடி உயிரே போய்விட்டது. பிறகுதான் புரிந்தது, சிவப்பு டவல் சாயம் விட்டிருக்கிறது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஆரோக்கியம்தான் முதலில் சிரித்தாள். அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த கையுறையை வெள்ளை டவலில் செய்தாள். எலாஸ்டிக்குக்குப் பதில் நாடா வைத்தாள். மொட்டைமாடியில் சாக்கில் வளர்ந்திருந்த பீர்க்கங்கொடியில் இரண்டு காய்களைப் பறிக்காமல் முற்றவிட்டாள். அவை காய்ந்து கலகலவென்று சத்தம் போட்டதும், தண்ணீரில் ஊறப்போட்டுத் தோலை உரித்து, விதைகளை உதறி, நார்க்கூட்டை நீளவாக்கில் கீறி, அம்மிக்கு அடியில் வைத்துத் தட்டையாக்கினாள். அதைக் கையுறையின் ஒரு பக்கம் தைத்தாள். மென்மையான பக்கம் முதுகுக்கும் கைக்கும். நார்ப்பக்கம் குதிகாலுக்கும் பாதத்துக்கும். மழைக்காலத்தில் நார் பூசணம் பிடித்து நாறியது. அடுத்த தடவை வெந்நீரில் கொதிக்கவைத்து வெயிலில் உலர்த்தித் தைத்தாள், நாற்றம் வரவில்லை.

சோப்புக்குப் பருத்தி நூலில் குரோஷா பை பின்னினாள். அதன் வாயில் ஒரு சுருக்குக் கயிறு வைத்து மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளும்படி செய்தாள். சோப்பு கையை விட்டாலும் கீழே விழாது. மல் துணியில் சின்னச் சின்ன முடிச்சுகள் கட்டி, உள்ளே பச்சைப்பயறு மாவும் காய்ந்த ரோஜா இதழும் வெட்டிவேரும் வைத்தாள். ஜானகிராமன் என்பவரின் வேஸ்ட் துணிக் கடையில் பனியன் துணித் துண்டுகளை வாங்கி, கிழித்து, பின்னி, குளியலறைக்கு மிதியடி செய்தாள். அது ஈரத்தில் வழுக்கியது. பழைய சைக்கிள் டியூபை வெட்டி அடியில் குறுக்கும் நெடுக்கும் தைத்த பிறகு நகராமல் நின்றது.

அவள் யோசித்து யோசித்துச் செய்தது முதுகுப் பட்டை. இரண்டரை அடி நீளம், ஒரு கை அகலம். நடுவில் பீர்க்கநார், இரண்டு முனையிலும் துணி சுற்றிய கயிற்றுக் கைப்பிடி. தோளுக்குமேல் கையைத் தூக்க முடியாதவர்கள் ஒரு கைப்பிடியைச் சுவரில் உள்ள கொக்கியில் மாட்டிவிட்டு, மறுமுனையை மட்டும் இழுத்து முதுகு தேய்த்துக்கொள்ளலாம். கொக்கி அடிக்கக் கொத்தனாரைக் கூப்பிட்டாள். நாற்காலிக்குப் பக்கத்தில் பிடித்து எழும்ப ஒரு கம்பியும் பொருத்தச் சொன்னாள்.

இதையெல்லாம் அவள் மாமியாரின் மேல் இருந்த பாசத்தால் செய்தாளா என்று கேட்டால், அவளே பிறகு சொன்ன பதில் இது: "பாதி அவுங்களுக்கு வலிக்கக் கூடாதுன்னு. பாதி, தானா குளிக்க ஆரம்பிச்சிட்டாங்கன்னா நான் போயிடலாம்னு." ஒவ்வொரு பொருளைத் தைத்து முடித்ததும் இன்னும் ஒரு படி ஏறிவிட்டதாக நினைத்தாள்.

ஆனால் ஆரோக்கியம் ஏறவில்லை. வாரம் ஒருமுறை பிசியோதெரபி செய்ய வந்த ஹேமலதா, ஒரு வருடம் முடியும் முன்பே சொல்லிவிட்டாள். "எலும்பு நல்லா கூடிடுச்சி மெரின். எக்ஸ்ரேல தெளிவா தெரியுது. இனிமே நடக்கணும். இது பயம்தான்."

"எனக்குத்தான தெரியும் என் வலி" என்றாள் ஆரோக்கியம், சுவரைப் பார்த்துக்கொண்டு.

அதற்குள் கொரோனா வந்தது. விமானம் நின்றது, அலுவலகங்கள் மூடின, ஆனந்துக்கும் பல மாதம் வேலை இல்லை. எல்லாம் திறந்த பிறகும் அவன் அதையேதான் சொன்னான்: அம்மா எழுந்து நடக்கட்டும்.

வீட்டை விட்டு மெரின் வெளியே போனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போன் வரும். "எங்க இருக்க? கேஸ மூடுனியா? எனக்குத் தல சுத்துது." மார்க்கெட்டுக்குப் போய்வர அவளுக்குக் கிடைத்தது முக்கால் மணி நேரம். ஞாயிறு திருப்பலிக்குக்கூட ஆரோக்கியம் டி.வி.யில் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். ஒருமுறை மெரின் பொறுக்க முடியாமல் பையில் துணி அடைத்துக்கொண்டு காலாப்பட்டுக்குப் போய்விட்டாள். அம்மா மீன் குழம்பு வைத்தாள், தலை வாரிவிட்டாள், பிறகு மெதுவாகக் கேட்டாள்: "எப்ப கெளம்புற? தங்கச்சிய பாக்க வர்றவங்க நீ இங்க இருக்கறத பாத்தா ஒண்ணு கெடக்க ஒண்ணு கேப்பாங்க." அன்றைக்கே போன் பதினேழு தடவை அடித்தது. மறுநாள் காலைப் பஸ்ஸில் அவள் திரும்பிவிட்டாள். வாசலில் நுழையும்போது ஆரோக்கியம், "பதினோரு மணி ஆவப்போவுது" என்றாள், அவ்வளவுதான்.

கையுறையை முதலில் வெளியே கொண்டுபோனது ஹேமலதாதான். தான் பார்க்கும் வயதானவர்களுக்கு என்று நான்கு கேட்டாள், பிறகு பத்து. பக்கவாதம் வந்த ஒருவருக்காக ஒற்றைக் கையால் பிடிக்கும்படி முதுகுப் பட்டையை மாற்றித் தரச் சொன்னாள். மெரின் நடு அறையில், மாமியாரின் கட்டிலுக்கு எதிரிலேயே மிஷினைப் போட்டுக்கொண்டு தைத்தாள். தைக்கிற நேரத்தில்தான் அவளுக்கு மூச்சு விட முடிந்தது. ஆரோக்கியமும் பார்த்துக்கொண்டிருப்பாள். "அந்த ஓரம் கோணலா இருக்கு" என்பாள். பெரும்பாலும் கோணலாகத்தான் இருக்கும்.

2023இல் ஹேமலதா ஒரு பெண்ணை அழைத்துவந்தாள். பெயர் தீபலட்சுமி. பிரெஞ்சுக்காரர் காலத்து வீடுகள் உள்ள ஒயிட் டவுனில் எட்டு அறை கொண்ட விருந்தினர் விடுதி நடத்துகிறாள். பொருள்களைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூக்கில் வைத்து வெட்டிவேரை முகர்ந்தாள்.

"எல்லா ரூம்லயும் ஒவ்வொரு செட் வைக்கணும் மெரின். முதல்ல அறுபது கையுறை, அறுபது சோப்புப் பை செஞ்சு குடுங்க. அப்பறம் எங்க விடுதியில பின்னால ஒரு ரூம் சும்மாதான் கெடக்குது. ரெண்டு பொண்ணுங்களப் போட்டுக் குடுக்கறேன். நீங்க வந்து சொல்லிக்குடுத்து அங்கயே செய்யலாமே?"

மெரின் வாய் திறப்பதற்குள் கட்டிலில் இருந்து குரல் வந்தது. "அவ வரமாட்டா மதாம். அவ பிரான்ஸு போவப்போறா."

தீபலட்சுமி மெரினைப் பார்த்தாள். மெரின் மிஷினில் இருந்த துணியைப் பார்த்தாள். "வீட்டுலயே செஞ்சு குடுக்கறேன் மேடம்" என்றாள்.

ஆகஸ்ட் மாதம். அறுபதில் நாற்பது முடிந்திருந்தது. வெள்ளை டர்க்கித் துணியும் நாடாவும் தீர்ந்துபோயின. ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மெரின் மாமியாரிடம் சொன்னாள்: "அத்தை, இன்னைக்கு சாயங்காலம் குளிச்சிக்கலாம். துணி வாங்கணும், நூல் வாங்கணும். ரெண்டு மணி நேரம் ஆவும்."

வழக்கமாக மறுக்கிற ஆரோக்கியம் அன்று, "சரி, போயிட்டு வா" என்றாள்.

மெரின் ஜானகிராமன் கடைக்குப் போனாள். ஷட்டர் இறங்கியிருந்தது. பக்கத்து டீக்கடைக்காரர், "இன்னைக்கு வீராம்பட்டினம் தேராச்சே, குடும்பத்தோட போயிட்டாரு. லோக்கல் ஹாலிடே, தெரியாதா?" என்றார். வீட்டுக்குள்ளேயே கிடந்ததில் ஊர் விசேஷம்கூட அவளுக்கு மறந்துபோயிருந்தது. மற்ற கடைகளும் பாதி மூடிக்கிடந்தன. இருபது நிமிடத்தில் வீட்டுக்குத் திரும்பினாள்.

கரண்ட் போயிருந்தது. நடு அறை புழுங்கியது. கட்டில் காலியாக இருந்தது. வாக்கர் கட்டிலுக்குப் பக்கத்தில் அப்படியே நின்றது.

மெரின் சமையலறையைத் தாண்டி ஓடினாள். முற்றத்தில் கால் வைத்ததும் நின்றாள். குளியலறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம் கேட்டது. ஊற்றி நிறுத்தி, கொக்கியில் பட்டை உராயும் சத்தம், திரும்பவும் தண்ணீர். உள்ளே ஆரோக்கியம் ஏதோ ஒரு மாதா பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். வலியில் பாடுகிற குரல் அது இல்லை.

கதவைத் தட்ட மெரின் கையைத் தூக்கினாள். தட்டவில்லை. மாடிப்படிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் தாழ் திறந்தது. ஆரோக்கியம் நைட்டி மாட்டிக்கொண்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். சுவரில் ஒரு விரல் மட்டும் தொட்டபடி முற்றத்தைக் கடந்தாள். கொடியில் காய்ந்த ஒரு உள்பாவாடையை எடுத்து மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள். கால் லேசாகச் சாய்ந்தது. ஆனால் எங்கேயும் தடுமாறவில்லை.

மெரின் சத்தமில்லாமல் வெளியே போனாள். சந்து முனையில் ஒரு மணி நேரம் வெறுமனே நின்றாள். பிறகு கேட்டைச் சத்தமாகத் திறந்துகொண்டு வந்தாள். ஆரோக்கியம் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தலையில் முக்காடு போட்டிருந்தாள்.

"துணி கெடச்சிதா?"

"கடை மூடியிருக்கு அத்தை. தேராம்."

சாயங்காலம் ஐந்து மணிக்கு மெரின் வெந்நீர் வைத்தாள். வாக்கரைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். ஆரோக்கியம் முனகிக்கொண்டே எழுந்தாள். தோளில் பாதி பாரத்தைப் போட்டாள். ஒவ்வொரு அடிக்கும் "மாதாவே" என்றாள். நாற்காலியில் உட்கார வைத்து, மெரின் கையுறையை மாட்டிக்கொண்டு முதுகைத் தேய்த்தாள். தோல் சுத்தமாக இருந்தது. காலையில் போட்ட சோப்பின் வாசனை இன்னும் கழுத்தில் இருந்தது. மெரினின் கை மெதுவாகத்தான் தேய்த்தது. நாலு வருடத்துக்கு மேலான பழக்கம். ஆனால் கண்ணில் தண்ணீர் தானாக வழிந்தது.

"ஒரே நாள்ல ரெண்டு தடவ குளிச்சா சளி புடிக்காதா அத்தை?"

குழாயில் இருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது.

"பாத்துட்டியா" என்றாள் ஆரோக்கியம்.

"எவ்ளோ நாளா?"

"நடக்கறது ஒரு வருஷமா. நீ மார்க்கெட்டு போற நேரத்துல நடந்து பாப்பேன். தனியா குளிச்சது இத்தோட மூணாவது தடவ. அந்தப் பட்டைய நீ மாட்டுன விதம் எனக்கு வாட்டமா இருக்குது."

"ஒரு வருஷமா!" என்றாள் மெரின். "நீங்க நடந்தா நான் போவலாம்னு உங்களுக்குத் தெரியாதா? தெரிஞ்சேதான இப்டி பண்ணீங்க?"

"தெரிஞ்சேதான்" என்றாள் ஆரோக்கியம். திரும்பி மெரினின் முகத்தைப் பார்த்தாள். "நீ போயிட்டா இந்த வீட்டுல எனக்கு யாருடி இருக்கா? எனக்கும் பாஸ்போர்ட்டு இருக்குது. பத்து வருஷமா பெட்டியில இருக்குது. ஒரு தடவ வாம்மான்னு கூப்ட்டானா அவன்?"

மெரின் கையுறையைக் கழற்றிப் பிழிந்து கொடியில் போட்டாள். முதல் தடவையாக மாமியாரைக் குளியலறையில் தனியே விட்டுவிட்டு உள்ளே போனாள். ஆரோக்கியம் தானே துடைத்துக்கொண்டு, தானே உடுத்திக்கொண்டு, தானே நடந்து வந்தாள். வாக்கர் முற்றத்திலேயே கிடந்தது.

சனிக்கிழமை ஆனந்துக்கு வேலை அதிகம், கூப்பிடவில்லை. அன்று முழுவதும் இரண்டு பெண்களும் சாப்பாடு, மாத்திரை என்பதைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை மூணு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஆரோக்கியம் சொன்னாள்: "சொல்லு அவன்ட்ட. சொல்லித்தான் பாரேன்." அதில் கோபம் இல்லை. அதுதான் மெரினுக்குப் பயமாக இருந்தது.

போன் வந்தது. ஆனந்த் வெள்ளைச் சட்டையில், எங்கோ படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். பின்னால் பாத்திரங்கள் மோதும் சத்தம் கேட்டது.

"அத்தை நடக்கறாங்க" என்றாள் மெரின். "வாக்கர் இல்லாம. தானா குளிக்கறாங்க. ஒரு வருஷமா நடக்கறாங்களாம்."

அவன் கண் வேறு எங்கோ போய்த் திரும்பி வந்தது.

"அப்டியா. நல்ல விஷயம்."

"அப்ப பப்பியே போட்டுடறீங்களா? என்னென்ன வேணும்னு சொல்லுங்க, நான் நாளைக்கே எடுத்து வைக்கறேன்."

"இரு, இரு. இப்பதான் வீடு மாத்திருக்கேன். சின்ன ரூம், நாலு பசங்க சேர்ந்து இருக்கோம். அடுத்த வருஷம் பாக்கலாம்."

"அம்மா நடந்தா அன்னைக்கே போடறேன்னு சொன்னீங்க."

"சொன்னேன். அதுக்காக அம்மாவ தனியா உட்டுட்டு நீ வந்துடுவியா? திரும்பி உழுந்துட்டாங்கன்னா யாரு பாக்கறது?"

கட்டிலில் இருந்து ஆரோக்கியம் உரக்கச் சொன்னாள்: "நான் உழமாட்டேன்டா."

"அம்மா, நீ சும்மா இரு. உனக்கு ஒண்ணும் தெரியாது."

"எனக்குத் தெரியும்டா" என்று எழுந்து வந்தாள் அவள். நடந்து வந்து மெரினின் தோளுக்குப் பின்னால் நின்று, போனுக்குள் முகத்தைக் காட்டினாள். "பாரு. நிக்கறேன். நடக்கறேன். கூட்டினு போறியா, இல்லியா? அவகிட்ட ஒரு பதில சொல்லு."

ஆனந்தின் முகம் சுருங்கியது. அவன் தன் அம்மாவை வாக்கர் இல்லாமல் நின்ற கோலத்தில் பார்த்து நாலரை வருடம் ஆகியிருந்தது. ஆனால் அதில் சந்தோஷம் ஒன்றும் தெரியவில்லை. ஏதோ ஒரு கதவு எதிர்பாராமல் திறந்துகொண்டால் ஒருவன் எப்படிப் பார்ப்பானோ அப்படிப் பார்த்தான். "ஷெஃப் கூப்புடறாரு, அப்பறம் பேசறேன்" என்றான். திரை அணைந்தது.

மெரின் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருடமாக மாமியாரின் இடுப்பு எலும்புதான் தன்னைக் கட்டிப்போட்டிருக்கிறது என்று நம்பியிருந்தாள். அது கூடினால் அவிழ்ந்துவிடும் என்று பழைய டவல்களை வெட்டி வெட்டித் தைத்தாள். அது கூடி ரொம்ப நாளாகிவிட்டது. அவிழ எதுவும் இல்லை. வேறு பெண் இருக்கிறாளா, அல்லது அவனுக்கு வெறுமனே விருப்பம் இல்லையா என்று அவளுக்குத் தெரியாது. இன்றுவரைக்கும் தெரியாது. கேட்டால் அவன், "இன்னா பேச்சு இது" என்பான்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா அத்தை?"

"சந்தேகம்தான்" என்றாள் ஆரோக்கியம், கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து. "போன கிறிஸ்துமஸுக்கு வந்தானே, அப்ப நீ கேக்கறப்பல்லாம் என் காலயே பாத்தான். நான் முனகுனா அவன் மூஞ்சி தெளிஞ்சிடும். பெத்தவளுக்குத் தெரியாதா? தெரிஞ்சும் நான் சொல்லல. அது என் தப்பு. எனக்கும் நீ இங்கயே இருந்தா போதும்னு ஆயிடுச்சி."

மெரின் அவளை மன்னிக்கவில்லை. அன்றைக்கு இல்லை, முழுவதுமாக இன்றைக்கும் இல்லை. ராத்திரிச் சோறு வடித்தாள், இருவருக்கும் போட்டாள். மறுநாள் காலையில் மீதி இருபது கையுறைக்குத் துணி வாங்கிவந்தாள். நான்கு நாளில் முடித்தாள். எல்லாவற்றையும் இரண்டு பைகளில் அடைத்து, முதல் தடவையாகத் தானே எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஒயிட் டவுனுக்குப் போனாள். தீபலட்சுமியிடம், "அந்தப் பின்னால ரூம் இன்னும் சும்மாதான் இருக்குதா மேடம்?" என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொன்னாள்: "திங்கக்கிழமைலேந்து நான் வேலைக்குப் போறேன். ஒன்பதரைக்குப் போனா நாலரைக்கு வருவேன். சோறு ஆக்கி வச்சிட்டுப் போறேன். நீங்களே குளிச்சிக்கணும்."

"அவன் கேட்டா?"

"கேக்கட்டும்."

ஆனந்த் கேட்டான். "யாரக் கேட்டு வேலைக்குப் போன?" என்றான். மெரின், "கேக்கறதுக்கு யாரும் இல்ல, அதான் போனேன்" என்றாள். அவன் இரண்டு வாரம் கூப்பிடவில்லை. பிறகு பழையபடி கூப்பிட ஆரம்பித்தான். மூணு மணிக்கு அவள் வீட்டில் இருப்பதில்லை. அதனால் அவன் அம்மாவிடம் பேசினான்.

அந்தப் பின்னறையில் பெரிய ஜன்னல் ஒன்று இருந்தது. சந்திரகலா, மாலா என்று இரண்டு பெண்கள் வந்தார்கள், பக்கத்துக் கிராமத்தில் இருந்து பஸ்ஸில் வருகிறவர்கள். மெரின் அவர்களுக்குக் கையை வைத்து வரையச் சொல்லிக்கொடுத்தாள். ஒரு விரல் தள்ளி வெட்ட வேண்டும், ஒட்டி வெட்டினால் ஈரத்தில் கை நுழையாது என்றாள். முதல் நாள் பதினோரு மணிக்கு அவள் கை தானாக நின்றுவிட்டது. கத்தரிக்கோலை வைத்துவிட்டுப் போனைப் பார்த்தாள். அழைப்பு எதுவும் இல்லை. அது இன்னும் பயமாக இருந்தது. வெளியே போய்க் கூப்பிட்டாள்.

"இன்னா?" என்றாள் ஆரோக்கியம்.

"குளிச்சீங்களா?"

"குளிச்சிட்டேன். வையி."

அதற்குப் பிறகும் பல நாள் பதினோரு மணிக்கு மெரினின் காதில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. சந்திரகலா ஒருநாள், "அக்கா, உங்க வீட்டுல யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். "இல்ல, நல்லாத்தான் இருக்காங்க" என்றாள் மெரின்.

மெரின் இன்னும் அந்தச் சந்து வீட்டில்தான் இருக்கிறாள். காலாப்பட்டுக்குப் போக முடியாது. தங்கைக்குக் கல்யாணம் ஆகி மாப்பிள்ளையும் அங்கேயே இருக்கிறான். ஆனந்தை விட்டு விலக வேண்டும் என்றால் எந்த நாட்டுச் சட்டப்படி, எந்த அலுவலகத்தில் கேட்பது என்று ஒரு வக்கீலிடம் விசாரித்தாள். அவர் சொன்னதில் பாதி புரியவில்லை. புரிந்த பாதி நீளமாக இருந்தது. இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டு வந்தாள். பங்குக் கோயிலில் யாராவது, "பப்பியே வந்துடுச்சா?" என்று கேட்டால், "வரும்" என்கிறாள். வேறு என்ன சொல்வது என்று அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை.

வேலை முடிந்து வரும்போது நேராக ஆட்டோ ஏறாமல் கடற்கரைச் சாலைக்குப் போய்ப் பத்து நிமிடம் நிற்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. ஒருநாள் அது அரை மணி நேரமாகிவிட்டது. வீட்டுக்கு வந்தபோது ஆரோக்கியம் காப்பி போட்டு ஆறவைத்திருந்தாள்.

"இன்னா இவ்ளோ நேரம்?"

"கடல்கிட்ட நின்னேன்."

ஆரோக்கியம் தம்ளரை அவள் பக்கம் தள்ளினாள். "நான் கடலப் பாத்து அஞ்சாறு வருஷம் ஆவுது. என்னயும் ஒருநாள் கூட்டினு போயேன்."

"கூட்டினு போறேன்" என்றாள் மெரின். எந்த நாள் என்று சொல்லவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு, சோற்றுக்கு அரிசி களையப் போனாள்.